பங்கருக்குள் இருந்த ஆண்டவர் வீட்டுக்குள் இல்லையா?

கேள்வி: அக்கா, நான் புதுக்குடியிருப்புப் பக்கம் இருக்கிறேன். கணவர் மேசன் வேலை செய்கிறார். இரண்டு பிள்ளைகள். 2009இல் சண்டை நேரம் பொக்கணையில் பங்கருக்குள் (மண்ணில் தோண்டிய பதுங்குகுழி) இருந்தபோது அம்மா செபமாலை சொல்ல நாங்கள் பதில் சொல்லுவோம். ஷெல் விழும், மேலே இருந்து மண் கொட்டும். ஆனால் ஆண்டவர் என் தோளோடு தோள் முட்ட இருந்தார், அது எனக்கு நிச்சயம். அந்தப் பங்கரடியில்தான் தம்பியும் செத்துப்போனான். அவனுக்கு 15 வயது. அன்று தண்ணீர் எடுக்க நான்தான் போயிருக்க வேண்டும், அவன் போனான். இப்போது வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு இருக்கிறது, கிணறு இருக்கிறது, கரண்ட் இருக்கிறது. ஆண்டவர்தான் இல்லை. பூசையில் எல்லோரும் அவர் எவ்வளவு பெரியவர் என்று பாடும்போது நான் கல்லுப்போல நிற்கிறேன். அவ்வளவு பெரியவருக்கு எங்களுடைய பங்கர் கண்ணில் பட்டிருக்குமா என்றும் யோசனை வருகிறது. இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் பிறகு நித்திரை இல்லை. ஒரு செபக்கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஏதோ பாவத்தை மறைத்து வைத்திருக்கிறீர், அதுதான் ஆண்டவர் முகத்தைத் திருப்பிவிட்டார் என்றார்கள். அன்று நான் உணர்ந்தது பயத்தில் வந்த கற்பனையா? அவர் திரும்பி வருவாரா?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன் அந்தச் செபக்கூட்டத்துக் கதையை முடித்துவிடுகிறேன். அது நெஞ்சில் முள்ளாய்க் கிடக்கும்வரை நான் சொல்லுகிற வேறொன்றும் உள்ளே போகாது.

துன்பத்தைக் கண்டவுடன் "யார் செய்த பாவம்?" என்று கேட்கிற பழக்கம் இயேசுவின் காலத்திலேயே இருந்தது. பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவரைக் காட்டி, இது இவர் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர்களே கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார். சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் செத்தபோது, அந்தப் 18 பேரும் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று தானே கேட்டு, இல்லை என்று தானே பதிலும் சொன்னார். வேதத்தில் எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவின் நண்பர்கள் மூன்று பேர் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் இருந்தார்கள். அதுவரை நல்ல மனிதர்கள். வாயைத் திறந்த பிறகுதான் பிழை தொடங்கியது: மறைந்திருக்கிற பாவத்தைத் தேடினார்கள். யோபுவோ அழுதார், வாதாடினார், பிறந்த நாளையே சபித்தார். கடைசியில் ஆண்டவர் கோபித்துக்கொண்டது விளக்கம் சொன்ன அந்த மூவரோடுதான். அடுத்த முறை யாராவது அப்படிச் சொன்னால் வாதாட வேண்டாம். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிடுங்கள்.

சரி, இப்போது பங்கர்.

மேலே உள்ள சுருக்கத்தில் இடமில்லாமல் விட்ட ஒரு வரி உங்கள் கடிதத்தில் இருக்கிறது. சாக்கு இல்லாததால் அம்மாவின் கூறைச் சீலையை வெட்டித் தைத்து, மண் நிரப்பி, பங்கர் வாசலில் அடுக்கினீர்கள். அதில் சாய்ந்துகொண்டு செபமாலை சொல்லும்போது சரிகை முதுகில் குத்தும் என்று எழுதியிருந்தீர்கள். வன்னியில் அந்த மாதங்களைக் கடந்த எவருக்கும் சீலையில் தைத்த மண்மூட்டை தெரியும். அந்தச் சரிகை கற்பனை இல்லை என்றால், அதோடு சேர்ந்து நீங்கள் உணர்ந்த மற்றதை மட்டும் ஏன் கற்பனை என்று தள்ள வேண்டும்?

உடம்பின் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் சொல்லுகிறேன், இது என் தொழில். செபமாலையில் ஒருவர் முதற்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்லுகிறார்கள். சொல்லும்போது மூச்சு மெல்ல வெளியே போகிறது, கேட்கும்போது உள்ளே வருகிறது. 2001இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 23 பேரை இலத்தீனில் செபமாலையின் அருள்நிறை மரியே மந்திரம் சொல்லவைத்து அளந்து பார்த்தார்கள். மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 தரமாக இறங்கியிருந்தது, சாதாரணமாக விடுவதில் பாதிகூட இல்லை. இதயத்தின் துடிப்பும் அந்த ஓட்டத்தோடு இசைந்து வந்தது. ஒரு குழிக்குள் நெருக்கி அடித்து இருக்கிற ஒரு குடும்பம், மேலே ஷெல் போய்க்கொண்டிருக்கும்போது ஒரே மூச்சாக மூச்சு விடுகிறது. யோசித்துப் பாருங்கள். "அப்ப அது மூச்சுத்தான், கடவுள் இல்லை" என்று ஒரு பொடியன் என்னிடம் வாதாடினான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சோறு வயிற்றின் வழியாகத்தான் போகிறது என்பதால் அதைச் சமைத்தவர் இல்லை என்று ஆகிவிடுமா? நுரையீரலைப் படைத்தவர் அதன் வழியாக வந்து பக்கத்தில் இருப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இனி இப்போதைய கல். உங்கள் மூன்றாம் பக்கத்தில், மகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிக்கொண்டு ஓடி வந்தபோதும் "ஒண்டும் தெரியேல்ல அக்கா, சிரிச்சுக் காட்டினன்" என்று எழுதியிருந்தீர்கள். போகிற போக்கில் எழுதிய வரி அது. எனக்கோ அதில்தான் திறப்பு இருந்தது. ஆண்டவர் உங்களிடமிருந்து முகத்தைத் திருப்பியதுதான் காரணம் என்றால் மகளின் பரிசு ஏன் மரத்துப்போக வேண்டும்? பூசை, பாட்டு, பிள்ளை, புருசன், எல்லாமே ஒரு கனத்த துணிக்குப் பின்னால் நடப்பதுபோல இருக்கிறது. இது பாவத்தின் அடையாளம் இல்லை. பெரிய அதிர்ச்சியைத் தாங்கிய மனத்துக்கு வருகிற ஒரு நிலை, உளவளத்துணை படிக்கிறவர்களுக்கு முதல் ஆண்டிலேயே சொல்லித்தருவது. வலி அளவுக்கு மிஞ்சிப் போகும்போது மனம் மெயின் சுவிச்சையே நிறுத்திவிடும். அறை அறையாக நிறுத்த அதற்குத் தெரியாது. துக்கத்தோடு சந்தோசமும், பயத்தோடு பக்தியும் சேர்ந்து அணைந்துவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும்வரை பலருக்கு ஒன்றும் தெரியாது. முகாமில் வரிசை, மீள்குடியேற்றத்தில் காடு வெட்டுதல், கிணறு இறைத்தல், வீட்டுத்திட்டத்துக்குக் கட்டம் கட்டமாகக் காசு. கடைசியில் ஓடு போட்டு, பால் காய்ச்சி, கதவைப் பூட்டிக்கொண்டு படுக்கிற அன்றைக்குத்தான் உடம்பு "இனி நான் விழலாம்" என்று நினைக்கும். வீடு குடிபுகுந்த சில மாதங்களில் என்னிடம் வந்தவர்கள் கனபேர். ஊரில் இதை விளங்காமல், எல்லாம் கிடைத்த பிறகு என்ன குறை என்று ஏசுகிறார்கள்.

கால் விறைத்துப்போனால் மிதிக்கிற நிலம் தெரியாது. அப்போதும் நிலத்தில்தானே நிற்கிறோம்.

ஆகவே முதல் வேலை நித்திரை. ஆன்மீகக் கேள்விக்கு நித்திரையைப் பதிலாகச் சொல்லுகிறாவே என்று நினைக்க வேண்டாம், ஆண்டவரே அப்படித்தான் செய்தார். எலியா இறைவாக்கினர் களைத்துப்போய், பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடிக்குக் கீழே இருந்து, போதும், என் உயிரை எடுத்துவிடும் என்று கேட்டார். விசுவாசம் குறைந்தது என்று யாரும் அவருக்குப் பிரசங்கம் வைக்கவில்லை. தூங்கவிட்டார்கள். தூதர் தட்டி எழுப்பி, தணலில் சுட்ட அப்பமும் ஒரு பாத்திரம் தண்ணீரும் காட்டினார். சாப்பிட்டார், திரும்பவும் படுத்தார். திரும்பவும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். மலை ஏறியதும், காற்று, நிலநடுக்கம், நெருப்பு எல்லாம் போன பிறகு அந்த மெல்லிய சத்தம் கேட்டதும் அதற்குப் பிறகுதான். முதலில் அப்பம்.

உங்கள் அப்பம் வைத்தியசாலையில் இருக்கிறது. உங்கள் பக்கத்து வைத்தியசாலையில் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். இரத்தசோகையும் தைரொயிட்டும் மனுசரை இப்படிக் கல்லாக்குவதை நான் கண்டிருக்கிறேன். பிறகு மனநலக் கிளினிக் எந்த நாள் என்று கேட்டு அங்கே போங்கள். மருந்து தந்தால் குடியுங்கள், அது செபத்துக்குப் போட்டி இல்லை. சாமம் இரண்டு மணிக்கு இருள் தாங்க முடியாமல் போனால், அல்லது செத்துப்போகலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள். கணவரையும் எழுப்புங்கள். மேசன் வேலை செய்கிற மனுசன், விடியத் திரும்ப நித்திரை கொள்ளுவார்.

அப்புறம், அவ்வளவு பெரியவருக்கு எங்கள் பங்கர் தெரிந்திருக்குமா என்ற கேள்வி. நாலு பக்கத்திலும் இதுதான் என்னைக் கனநேரம் பிடித்து வைத்தது.

பெரியவர் என்றால் என்ன என்பதை நாங்கள் கற்றுக்கொண்டது அலுவலகங்களில். கதிரை பெரிதாகப் பெரிதாக ஆள் தூரம். ஒரு கடிதத்துக்குக் கையெழுத்து வாங்க ஒருவரிடம் போனால், அவர் மேலே உள்ளவரைக் காட்டுவார், அவர் இன்னும் மேலே. மிகப் பெரியவரை நாங்கள் காண்பதே இல்லை, கறுப்புக் கண்ணாடி போட்ட வாகனம்தான் புழுதி கிளப்பிக்கொண்டு போகும். இந்தப் பழக்கத்தில் ஆண்டவரையும் அளந்தால், பெரியவர் என்று பாடுகிற ஒவ்வொரு பாட்டும் அவரை இன்னும் ஒரு மைல் தள்ளி வைக்கும்.

வேதத்தில் அவருடைய பெருமை வேறு மாதிரி. திருப்பாடல் 147ஐ எடுத்துப் பாருங்கள். ஒரு வரியில் அவர் உடைந்துபோனவர்களுடைய காயத்துக்குக் கட்டுப்போடுகிறார். அடுத்த வரியில் விண்மீன்களை எண்ணி ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். நடுவில் "ஆனாலும்" என்றோ "இருந்தாலும்" என்றோ ஒரு சொல்லும் இல்லை. பாடியவருக்கு இரண்டும் ஒரே கையின் வேலை. யோபுவுக்கு ஆண்டவர் சூறாவளியிலிருந்து தன் பெருமையைக் காட்டும்போதும் பாருங்கள், ஆள் நடமாட்டம் இல்லாத நிலத்தில் மழை பெய்விப்பதையும், மலை ஆடு குட்டி போடும் காலத்தையும், காகக்குஞ்சு பசியில் கத்துவதையும் சொல்லுகிறார். யாரும் பார்க்காத இடத்தில் ஒரு ஆட்டின் பிரசவ வேதனை தெரிந்தவருக்குப் பொக்கணை மணலில் தோண்டிய ஒரு குழி தெரியாதா?

உங்கள் அப்பா முத்தையன்கட்டில் வயல் செய்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மழை குறைந்த சிறுபோகத்தில், வாய்க்காலின் கடைசியில் இருக்கிற வயலுக்குத் தண்ணீர் வருமா வராதா என்பது எதில் தங்கியிருக்கிறது? குளத்தின் கொள்ளளவில். சின்னக் குளம் என்றால் தலைப்பு வயல் குடித்துவிடும், கடைசிக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். குளம் பெரிதாக இருந்தால்தான் கடைசி வரம்புவரை வரும். அங்கே நின்று பார்த்தால் குளமும் தெரியாது, கட்டும் தெரியாது. காலில் தண்ணீர் படும். ஆண்டவர் சின்னவராக இருந்திருந்தால் உங்கள் பங்கருக்குள் வர அவர் வேறொரு பங்கரை விட்டுவிட்டுத்தான் வந்திருக்க வேண்டும். ஏறக்குறைய 1,600 ஆண்டுக்கு முன் புனித அகுஸ்தீனார் ஆண்டவரைப் பார்த்து, என் உள்ளத்தின் ஆழத்தைவிட நீர் உள்ளே இருக்கிறீர், என் உச்சத்தைவிட மேலே இருக்கிறீர் என்று ஒரே மூச்சில் சொன்னதும் இதைத்தான்.

இன்னொன்று. வாக்கு மனிதராகி நம்மிடையே குடிகொண்டார் என்று யோவான் நற்செய்தியில் வாசிக்கிறோமே, கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருக்கிற சொல் கூடாரம் அடித்தார் என்ற பொருள் கொண்டது. எங்கள் பாசையில், நம்மிடையே தறப்பாள் கட்டினார். ஒரு குருவானவர் முகாமுக்குள் இதைச் சொன்னபோது சனம் சிரித்தது, பிறகு அழுதது. 2008 ஏப்ரலில் மடு மாதாவின் சுரூபமே சண்டையால் மடுக் கோயிலிலிருந்து தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, ஓகஸ்டில்தான் திரும்பி வந்தது. "மாதாவும் எங்களோட இடம்பெயர்ந்தா" என்று எங்கள் ஆட்கள் இன்றைக்கும் சொல்லுகிறார்கள். அதில் இறையியல் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குச் சொல்லத் தெரியாது, ஆறுதல் இருக்கிறது.

தம்பிக்கு வருகிறேன்.

2009 நடுப்பகுதியில், இடம்பெயர்ந்த சனம் இருந்த செட்டிகுளம் முகாமில் வேலை செய்தேன், புதுசு. ஒரு தாய் தறப்பாள் கொட்டிலுக்கு வெளியே விறகு முறித்துக்கொண்டிருந்தா. ஆறுதல் சொல்லுகிற அவசரத்தில் நான், "ஆண்டவர் உங்களைக் காப்பாற்றிக் கொண்டுவந்து விட்டிருக்கிறார் அம்மா" என்றேன். அவ நிமிர்ந்து பார்த்து, "அப்ப என்ர மற்ற மூண்டு பேரையும்?" என்றா. கோபமே இல்லை, கணக்குக் கேட்கிற குரல். பிறகு மற்ற விறகை எடுத்து முறித்தா. அன்றிலிருந்து அந்த வசனத்தை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. நீங்கள் தப்பியதற்கும் தம்பி போனதற்கும் ஒரு காரணத்தை மடித்து உங்கள் கையில் தருகிறவர் யாராக இருந்தாலும், நான் உட்பட, நம்ப வேண்டாம். இயேசு, இறந்துபோன நண்பர் இலாசருவின் கல்லறைக்குப் போகும்போது, இன்னும் கொஞ்ச நேரத்தில் அவரை எழுப்பப்போவது தெரிந்தும் அழுதார். காரணம் சொல்லவில்லை.

தண்ணீருக்கு அவன் போனது உங்கள் பிழை இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் எடுக்க யாரோ ஒருவர் போகத்தான் வேண்டியிருந்தது. ஷெல்லை அடித்தவர்கள் குடத்தை யார் தூக்குகிறார் என்று பார்த்து அடிக்கவில்லை. இதை வாசித்தவுடன் குற்ற உணர்வு போய்விடாது, எனக்குத் தெரியும். நாளைக்கும் வரும். வரும்போது இதைத் திரும்ப வாசியுங்கள்.

செபத்தைப் பற்றி. உணர்வு வரவேண்டும் என்று முயற்சி செய்வதை விடுங்கள், அது நித்திரை வரவேண்டும் என்று கண்ணை இறுக்கி மூடுவதுபோல. கல்கத்தாவின் அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோது, ஏறக்குறைய 50 ஆண்டு அவ ஆண்டவரின் பிரசன்னத்தை உணராமலே வாழ்ந்தது தெரியவந்தது. அதை வாசித்த பிறகுதான் திருச்சபை 2016இல் அவரைப் புனிதராக்கியது. முழுச் செபமாலை இப்போது வேண்டாம். கிணற்றுக்கட்டில் இருந்து ஒரேயொரு அருள்நிறை, மெதுவாக, மூச்சோடு. கோபம் வந்தால் திருப்பாடல் 88. மற்றப் புலம்பல் பாடல்களில் பெரும்பாலானவை எப்படியும் ஒரு நம்பிக்கை வரியில் கரை ஏறிவிடும், இது இருளிலேயே முடிகிறது. ஒவ்வொரு வெள்ளி இரவும் குருக்களும் கன்னியரும் படுக்கப்போகுமுன் சொல்லுகிற செபத்தில் திருச்சபை இந்தப் பாடலைத்தான் வைத்திருக்கிறது. ஆகவே வெள்ளி இரவில் நீங்கள் தனியாகச் சொல்லப்போவதில்லை.

பொக்கணைக்கு ஒருநாள் போக வேண்டும் போல இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அவசரம் இல்லை. மருந்தும் நித்திரையும் ஓரளவு சரிவந்த பிறகு, கணவரோடும், விருப்பமென்றால் பங்குத்தந்தையோடும் போங்கள். பூவும் மெழுகுதிரியும் போதும், தீப்பெட்டியை மறக்க வேண்டாம், அந்தக் கடற்கரையில் காற்று அதிகம். தனியாகப் போகவே வேண்டாம்.

கடைசியாக ஒரு சின்ன விசயம். அம்மாவின் பெயர், பிள்ளைகளின் பெயர், ஆட்டுக்குட்டியின் பெயர்கூட எழுதியிருக்கிறீர்கள். தம்பியின் பெயரை நாலு பக்கத்திலும் ஒரு இடத்திலும் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். நான் பிரசுரிக்க மாட்டேன். எழுத முடியாவிட்டால், கிணற்றுக்கட்டில் இருந்து ஒருதரம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

அன்புடன்,
அக்கா